குதிரைகள் ஓடிய நியூயார்க்கில் லத்தியையும் பனியையும் யார் அள்ளினார்கள்?

குடியாத்தம் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நகரங்களின் வளர்ச்சி பற்றிப் பாடம் நடத்தும்போது, மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன் நியூயார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி, "அவ்வளவு லத்தியையும் யார் டீச்சர் அள்ளுவாங்க?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் சாணம் தெருவில் விழுந்தால் அதிக நேரம் கிடக்காது. வறட்டி தட்டவோ எருக்குழிக்கோ யாராவது கூடையோடு வந்து எடுத்துப் போய்விடுவார்கள். அங்கே மட்டும் ஏன் அது தெருவிலேயே குவிந்தது? அதன் மேல் பனியும் கொட்டினால் என்ன செய்தார்கள்? கத்திரி வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரியும்படி யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர்:
அம்மா, உங்கள் மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏழு கிலோவிலிருந்து பதினான்கு கிலோ வரை லத்தி போடும். தொடக்கத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகள் அதைக் காசு கொடுத்தே வாங்கினார்கள். நகரம் பெருத்து, குதிரைகள் மிகுந்து, வயல்கள் தொலைவுக்குத் தள்ளிப்போன பிறகு வாங்குவார் குறைந்து, லாயக்காரர்களே கூலி கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய நிலை வந்தது. எரு மலிந்ததால் வந்த துன்பம் அது.

தெருக்கூட்டும் பொறுப்பு முதலில் காவல் துறையிடம் இருந்தது. 1881-இல்தான் அதற்கெனத் தனித் துறை ஏற்பட்டது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பதில் கட்சிக்காரர்களின் சிபாரிசே செல்லுபடியானதால், துறை வந்தும் தெரு மாறவில்லை. 1895 ஜனவரியில் ஜார்ஜ் வேரிங் ஆணையராகப் பொறுப்பேற்றார். மெம்பிஸ் நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் அமைத்துக் கொடுத்த பொறியாளர் அவர். கட்சி சிபாரிசை ஒதுக்கினார். தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடையும் தொப்பியும் கொடுத்தார். சாக்கடைச் சேற்றில் நிற்பவருக்கு வெள்ளை உடையா என்று பலரும் முகம் சுளித்தார்கள். அந்த வெள்ளை உடையில் ஒருவர் வேலை செய்கிறாரா, ஓரமாக ஒதுங்கி நிற்கிறாரா என்பது தெருக்கோடியிலிருந்தே தெரியும். அதோடு, மருத்துவமனைப் பணியாளரைப் போல இவரும் நகரத்தின் நலத்தைக் காப்பவர் என்ற எண்ணம் மக்களிடம் வளர்ந்தது. 1896-இல் அந்தத் தொழிலாளர்கள் நகர வீதிகளில் அணிவகுத்துச் சென்றபோது மக்கள் கைதட்டி வரவேற்றார்கள். துடைப்பம் பிடித்தவர்களோடு வாழ்நாள் முழுவதும் வேலை செய்தவன் என்ற முறையில், வேரிங் செய்தவற்றுள் இதையே பெரிதாக மதிக்கிறேன்.

வீட்டிலேயே சாம்பல், சமையல் கழிவு, மற்றக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் அவர்தான் கொண்டுவந்தார். சமையல் கழிவிலிருந்து கொழுப்பும் உரமும் எடுத்தார்கள். சாம்பலைக் கொண்டு தாழ்ந்த நிலத்தை மேடாக்கினார்கள். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று நாம் இன்று பிரிக்கிறோமே, அதைப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே தொடங்கிச் சொல்லலாம்.

காட்பாடி வாசகர்:
ஐயா லத்தியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பனிக்கு வருகிறேன். மழை பெய்தால் ஓடி வடிந்துவிடும். பனியோ விழுந்த இடத்திலேயே கிடந்து, லத்தியையும் சாம்பலையும் தன்னோடு சேர்த்து உறைந்துவிடும். துடைப்பத்தால் அதை அசைக்க முடியாது. ஆட்கள் மண்வெட்டியால் வெட்டி, குதிரை வண்டிகளில் ஏற்றி, துறைமுக மேடைகளிலிருந்து ஆற்றில் கொட்டினார்கள். அள்ளாமல் விட்ட தெருக்களில், பனி உருகும் நாளில் குளிர்காலத்து அழுக்கு முழுவதும் ஒன்றாக வெளிவந்தது.

தண்டவாளத்தில் ஓடிய குதிரை டிராம் கம்பெனிகள் கலப்பையால் பனியை இருபுறமும் ஒதுக்கியபோது, அது நடப்பவர்களின் வழியில் குவிந்தது. உப்புத் தூவினால் பனி கரைந்து உறைகுளிர்ச் சேறாக மாறி, குதிரைகளின் குளம்புகளைப் புண்ணாக்கியது. விலங்கு வதையை எதிர்த்தவர்கள் அதைக் கண்டித்தார்கள். சறுக்கு வண்டி வைத்திருந்தவர்களோ, பனி கிடக்கட்டும் என்றே விரும்பினார்கள். ஆகவே பனியை அகற்றுவதா வேண்டாமா என்பதிலேயே ஊர் ஒன்றுபட்டிருக்கவில்லை.

1888 மார்ச்சில் அடித்த பனிப்புயல்தான் நிலைமையை மாற்றியது. முதலில் மழையாகத் தொடங்கி, நள்ளிரவுக்குப் பின் பனியாக மாறி, 21 அங்குலம் வரை கொட்டியது. காற்று வாரிக் குவித்த இடங்களில் வீட்டு வாசல்களே மூடிக்கொண்டன. உயரப் பாலத்தில் ஓடிய ரயில்கள் நடுவழியில் நின்றன, தந்திக் கம்பிகள் அறுந்து விழுந்தன, நியூயார்க் நகரில் மட்டும் ஏறத்தாழ இருநூறு பேர் இறந்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்துப் பனியை வாரியதோடு, தெருக்களில் தீ மூட்டியும் கரைத்தார்கள். கம்பிகளை நிலத்தடியில் புதைக்கும் வேலை அதன்பின் வேகம் பெற்றது. சுரங்க ரயில் வேண்டும் என்ற குரலும் வலுத்து, 1904-இல் அது ஓடத் தொடங்கியது.

குடியாத்தம் ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. வேரிங் பிற்பாடு என்ன ஆனார் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர்:
1897 முடிவில் ஆட்சி மாறியதால் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு கியூபாவின் ஹவானா நகரத்தின் சுகாதாரத்தை ஆய்வு செய்யப் போனவர், மஞ்சள் காய்ச்சல் தொற்றி நியூயார்க்கில் இறந்தார். அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று கடைசி வரை நம்பியவர் அவர். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது 1900-இல்தான் உறுதியானது. டெங்கு பாடத்தோடு இதைச் சேர்த்து நடத்துங்கள் அம்மா. நியூயார்க்கின் மார்ட்டன் தெருவை, வேரிங் வருவதற்கு முன் 1893-லும் அவர் வந்தபின் 1895-லும் எடுத்த இரண்டு புகைப்படங்களும் உண்டு. அவற்றையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.