மறுமொழி: அர்ராஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஸ்பானியத் திருமணச் சொற்பட்டியலில் உறவுமுறைகள் அலுங்காமல் முடிந்துவிட்டன. கொன்சுவெக்ரோ என்றால் சம்பந்தி. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. நமக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கொன்குன்யாதோ, மனைவியின் சகோதரியைக் கட்டியவர் என்றால் சகலை. அதன் பெண்பாலுக்கு, கணவனின் சகோதரன் மனைவி என்ற பொருளில், ஓரகத்தி.

இழுத்துக்கொண்டிருப்பது அர்ராஸ் மட்டும்தான். தேவாலயத் திருமணத்தில் மணமக்கள் கைமாற்றும் 13 நாணயங்கள். ஸ்பெயினில் மட்டுமல்ல, மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்த வழக்கம் உண்டு.

> பரிசப்பணம் என்றே வைத்துவிடலாமே? மாப்பிள்ளை கொடுப்பதுதானே?

அங்கேதான் உதைக்கிறது. பழைய முறையில் மணமகன் மணமகளின் உள்ளங்கையில் கொட்டுவான், அதோடு சரி. இன்றைய ஸ்பெயின் சடங்கில் அவள் அதே காசுகளை அவன் கையில் திருப்பிக் கொட்டுகிறாள். இருவரும் சொல்வதும் ஒன்றேதான்: கடவுளின் ஆசிக்குப் பிணையாகவும் நாம் பகிர்ந்துகொள்ளப்போகும் உடைமைக்கு அடையாளமாகவும் இதைப் பெற்றுக்கொள் என்று. நம் ஊரில் பரிசம் திரும்பி வந்தால் கல்யாணம் நின்றுபோனது என்றல்லவா பொருள்!

> மணக்காசு?

அழகான சொல். ஆனால் வேரை விட்டுவிடுகிறது. ஸ்பெயினில் வீடு வாங்குகிறவர் முன்பணம் கட்டிப் போடும் ஒப்பந்தத்துக்கும் அர்ராஸ் என்றுதான் பெயர். வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு. விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். அவர்களுடைய குடிமைச் சட்டத்தின் 1454-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதைத்தானே நாம் அச்சாரம் என்கிறோம்? அங்கே ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்கிறது என்றால் இங்கேயும் நிற்கட்டும். என் பரிந்துரை: அச்சாரக் காசு.

*

வணக்கம்.

வேர் சரி ஐயா, ஆனால் காதில் விழுவது வேறு. "பெண்ணுக்கு அச்சாரம் கொடுத்தார்கள்" என்று கேட்டால் எனக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வருகிறது. தவிர, அச்சாரம் கொடுத்தால் மீதிப் பணம் என்று ஒன்று பாக்கி இருக்க வேண்டும். இந்தச் சடங்கில் மீதி எங்கே? சின்னப் பெட்டியில் அந்தக் காசுகளைப் போட்டு ஒரு குழந்தை ஏந்தி வரும்போது அங்கே யாரும் வீட்டுப் பத்திரத்தை நினைப்பதில்லை.

*

மீதி எங்கே என்று கேட்டீர்களே அம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஸ்பானியச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்தான் என்று நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டாம். பதிவு இப்படி இருக்கட்டும்: அர்ராஸ் – 1. மணக்காசு (திருமணம்). 2. அச்சாரம் (சொத்து விற்பனை). முதல் பொருளின்கீழ் 13 என்ற எண்ணிக்கையையும் இருவரும் கைமாற்றுவதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்.

அடுத்தது பத்ரினோ. ஞானத்தந்தை என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். ஞானஸ்நானத்துக்கு அது பொருந்தும். ஸ்பானியக் கல்யாணத்தில் அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் சொந்த அப்பா.