மூணாவது தெரு வீடுகள்: கார்ப்பெட் தடம்

மாடிவீட்டு மதினி, காலை 7:12
ஹாலுக்குப் போட்ட புதுக் கார்ப்பெட்ல நடக்குற தடம் மட்டும் கருத்துக் கெடக்கு. ரெண்டு தடவை ஷாம்பு போட்டாச்சு, முன்னவிட வேகமா அழுக்கேறுது. ஏன்?

மில் சித்தப்பா, 7:20
செயற்கை இழைய இழுக்கும்போது உரசி அறுந்துராம, ஸ்டாட்டிக் கரண்டு ஏறாம இருக்க எண்ணெய் தடவுவாங்க தாயி. ஸ்பின் ஃபினிஷ்னு பேரு. அது மிச்சம் தங்கினா தூசி அப்பிக்கும். ஷாம்பு மிச்சமும் அதே பிசுபிசுப்புதான். ஈரக் கையால தடத்தத் தேச்சுப் பாரு, நுரை வருதா?

மாடிவீட்டு மதினி, 7:26
வருது சித்தப்பா!

மில் சித்தப்பா, 7:28
அப்ப ரெண்டும் சேந்திருக்கும். ஒரு இழைய உருவி, ஒரு சொட்டு சோப்பு விட்ட டம்ளர் தண்ணில நசுக்கி விடு, காத்துக்குமிழ் இருக்கக் கூடாது. நைலான், பாலியெஸ்டர், கம்பளி முங்கிரும். பாலிபுரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் இழை மிதக்கும்.

மாடிவீட்டு மதினி, 7:35
மிதக்குது.

சோபா கிளீனிங் அண்ணே, 7:38
அப்ப பாலிபுரோப்பிலீன்தான். அது எண்ணெய லேசுல விடாது, நான் சொல்றத ரெண்டு வாட்டி செய்யணும். முதல்ல வேக்குவம், ரெண்டு திசையிலயும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்குப் பாத்திர லிக்விட் அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேணாம். மறைவான மூலையில சாயம் போகுதான்னு பாத்துட்டு லேசா நனைச்சு 10 நிமிஷம் விடுங்க. வெள்ளைத் துணியால ஒத்தி எடுங்க. தேச்சா இழை பிரிஞ்சு பூப்பூவா நிக்கும். அப்புறம் வெறும் தண்ணி, நுரை நிக்கிற வரைக்கும். போர் தண்ணி ஆகாது, உப்புப் பூக்கும். வைகைத் தண்ணி வர்றப்ப புடிச்சு வைங்க.

கோடிவீட்டுத் தம்பி, 7:44
பெட்ரோல் தொட்டுத் துடைச்சா சுளுவாப் போயிருமேண்ணே?

சோபா கிளீனிங் அண்ணே, 7:46
ஆத்தீ! அடித்துணியப் புடிச்சிருக்கிறது லேடெக்ஸ் பசைடா தம்பி. இளகிருச்சுன்னா துணி தனியாக் கழண்டுக்கும். தீப் பயம் வேற.

மாடிவீட்டு மதினி, 7:49
மொட்டை மாடியில காயப் போடலாமாண்ணே?

சோபா கிளீனிங் அண்ணே, 7:52
சித்திரை வெயில்ல சாயம் வெளுக்கும், பசை வெறச்சுரும். ஓரத்தத் தூக்கி அடியில வாளியக் கவுத்தி வச்சு ஃபேன் போடுங்க. ராத்திரிக்குத் தடத்து மேல காஞ்ச துணி விரிச்சு அம்மிக்குழவிய வைங்க. இல்லேன்னா அடி ஈரம் மேல ஏறி, விடிஞ்சா கறை பழையபடி நிக்கும்.

மாடிவீட்டு மதினி, 7:55
துணிக்குப் பழைய வேட்டி இருக்கு. கரை மட்டும் பச்சை.

சோபா கிளீனிங் அண்ணே, 7:56
கரையக் கிழிச்சுருங்க மதினி, சாயம் இறங்கிரும்.