முன்பல் உள்பக்கம் கரைஞ்சு போச்சு, கேப்பா வெனீரா?

புளியேப்பம்34: ரொம்ப வருஷமா எதுக்களிப்பு இருக்குங்க, படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறி வரும். இப்ப மேல் முன்பல் ஆறும் உள்பக்கம் கரைஞ்சு, நுனி கண்ணாடி மாதிரி மெலிஞ்சு ஓரம் ஓரமா உதிருது. ஒரு டாக்டர் ஆறுக்கும் ரூட் கனால் பண்ணி கேப் போடணும்ங்கறார், இன்னொருத்தர் வெனீர்னு பல்லு மேல மெல்லிசா ஒரு தகடு ஒட்டினா போதும்ங்கறார். இவ்ளோ தேஞ்ச பல்லுல ஒட்டினது நிக்குமா?

பல்லு டாக்டர்: நரம்பு நல்லா இருந்தா கேப்புக்காக மட்டும் ரூட் கனால் வேணாம். கேப்புன்னா பல்லை சுத்தி செதுக்கணும், ஆசிட் தின்னது போக மிச்சத்தை நாமளே தின்ன மாதிரி ஆயிடும். ஜெனீவால வைலாட்டி, பெல்சர்னு ரெண்டு பேர் 2008 வாக்குல எழுதின சாண்ட்விச் முறை உங்கள மாதிரி கேஸுக்குத்தான், உள்பக்கம் காம்போசிட் (பல்லு நிறத்துல இருக்கிற ரெசின்), வெளிப்பக்கமும் போயிருந்தா அரை மில்லிமீட்டர் அளவுல செராமிக் (பீங்கான்), நடுவுல சொந்தப் பல்லு.

ஒட்டுறதை விட இடம்தான் சிக்கல், பல்லு தேயத் தேய எதிர்ப்பல் வளந்து வந்து அடைச்சிடும், அதனால கடவாப்பல்லுல காம்போசிட் வச்சு கடியை உயர்த்தணும். சுத்தி எனாமல், அதாவது பல்லோட கெட்டியான மேல் படலம், விளிம்புல மிஞ்சியிருந்தா பிடிப்பு கெட்டியா இருக்கும், அதுக்கு உள்ள இருக்கிற வெறும் டென்டின்னா கொஞ்சம் கம்மிதான். ஆசிட்ல போன பல்லுல பாஸ்பாரிக் ஆசிட் தடவித்தான் ஒட்டுறோம், அது வேற கூத்து! எச்சில் படக்கூடாது, எச்சில் வராம பல்லை சுத்தி மாட்டுற ரப்பர் டேம்ங்கற ஷீட்டு போடுவாங்களான்னு கேளுங்க.

செல்விக்கா: எங்க வீட்டுக்காரருக்கு இதான் பண்ணாங்க தம்பி. மொதல்ல புதுப் பல்லு வடிவத்தை மெழுகுல செஞ்சு, அதே அச்சுல தற்காலிகமா வாயில வச்சு காட்டினாங்க, கொஞ்ச நாள் "ச" வராம குழறுச்சு. ராத்திரி பல்ல நறநறன்னு கடிப்பாரு, தூங்கும்போது பல்லுல மாட்டுற நைட் கார்டு போடாம ஒரு ஓரம் தெறிச்சுது, காம்போசிட்ங்கறதால உக்கார வச்சே ஒட்டி விட்டுட்டாங்க.

பல்லு டாக்டர்: ஆமா, அது பெரிய வசதி. ஆனா தம்பி, மொதல்ல வயித்தைப் பாருங்க. பிஹெச்ங்கற அளவு குறையக் குறைய ஆசிட் ஜாஸ்தி, அது 5.5க்கு கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும், வயித்து ஆசிட் 1, 2ல நிக்குது. ஆசிட் மேல ஏறி வர்றது நிக்கலன்னா வெனீர் ஓரத்துல மறுபடி அரிக்கும். புளிச்ச தண்ணி வந்த உடனே பிரஷ் பண்ணாதீங்க, தண்ணில கொப்புளிச்சா போதும்.

புளியேப்பம்34: நன்றிங்க. வயித்து டாக்டர் வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கற எண்டோஸ்கோப்பிங்கறாரு, மயக்கம் குடுப்பாங்களா?

செல்விக்கா: தொண்டை மரத்துப் போக ஸ்ப்ரே அடிப்பாங்க, கேட்டா மயக்க ஊசியும் போடுவாங்க. போட்டா அன்னிக்கு வண்டி ஓட்டாதீங்க.