பார்சிலோனா முதல் நாள்: புதுப்பிப்பு

குழுவாகப் போகிறவர்களுக்கு டி-கசுவல் பயண அட்டை போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: அதன் 10 பயணங்களும் ஒருவருக்கே; நால்வர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. பகிர்ந்துகொள்ள டி-ஃபமிலியார் வாங்குங்கள்: 8 பயணம், 30 நாள். விமான நிலைய மெட்ரோவில் இரண்டுமே செல்லாது. அதற்குத் தனிச் சீட்டு வேண்டும், விலையும் கூடுதல். 2-ஆம் முனையத்திலிருந்து கிளம்பும் ஆர்2 நோர்ட் ரயிலில் இந்த அட்டைகள் செல்லும். அரை மணிக்கு ஒரு வண்டி, நகர மையத்திலுள்ள பஸேச் தெ கிராசியா நிலையம் வரை. 1-ஆம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்தில் 2-ஆம் முனையத்துக்கு வரலாம்.

புகழ்பெற்ற சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை முதல் நாளிலேயே வைக்காதீர்கள். சீட்டில் நேரம் குறித்திருப்பதால், விமானம் தாமதமானால் பணம் போச்சு! பழைய நகரமான கோதிக் பகுதியில் காலாற நடந்தாலே போதும். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் பல உணவகங்களில் எட்டு, எட்டரைவரை அடுப்பு எரியாது.