வால் நட்சத்திரம் தெரிகிற நேரத்தில் நிச்சயம் பண்ணலாமா?

மேலையூர்க்காரன்:
பூம்புகார் பக்கம் நமக்கு. நேற்றுச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. சம்பா வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மதகு மேல் உட்கார்ந்திருந்தேன். மேற்கே வெள்ளிக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே, சுண்ணாம்பு விரலால் இழுத்த மாதிரி ஒரு தீற்றல். இந்த 2024 அக்டோபரில் எல்லோரும் பேசுகிற சுச்சின்ஷான் அட்லஸ் வால் நட்சத்திரம்தான். போனில் படம் எடுத்து வந்து அப்பாயியிடம் காட்டினேன். அதுதான் தப்பாகிவிட்டது.

அப்பாயிக்கு 84 வயது. "விளக்குமாறு முளைச்சிருக்கு, தங்கச்சி நிச்சயத்தைத் தள்ளி வைங்கடா" என்று ஒரே பிடி. 1965இல் விடிகாலை நெல் அவிக்க எழுந்தபோது கிழக்கே இதேபோல் பார்த்ததாம். "அந்த வாலுதான் தனுஷ்கோடியைக் கொண்டுபோச்சு, பாகிஸ்தான் சண்டையைக் கொண்டாந்துச்சு" என்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற வேண்டும். சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கீழப்பெரும்பள்ளம் கேது கோயில் பக்கத்தில்தான். பரிகாரம் செய்தால் போதுமா, இல்லை அப்பாயிக்கு வேறு ஏதாவது சொல்லலாமா?

பஞ்சாங்கப் பிரியன்:
தம்பி, நவக்கிரகக் கேது வேறு, தூமகேது என்கிற வால் நட்சத்திரம் வேறு. முதலாவது சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம். கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் மட்டும் வரும். தூமகேது கண்ணுக்குத் தெரியும், கணக்கில் வராது. பழைய காலத்து ஜோதிடர் வராகமிகிரரே பிருகத் சம்ஹிதை நூலின் கேது அத்தியாயத்தை அப்படித்தான் ஆரம்பிக்கிறார். அப்புறம் பலன்களை அடுக்குகிறார், அது வேறு கதை. ஆனால் அவை பெரும்பாலும் நாட்டுக்கும் அரசனுக்கும் சொன்னவை, உங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டுக்கு அல்ல. ஜாதகம் பார்க்கிறவன்தான் சொல்கிறேன்: கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், இதற்காக என்று போகாதீர்கள்.

திருவாரூர் வாத்தியார்:
'கணக்கில் வராது' என்பதை மாற்றியவர் ஹாலி என்ற வானியலாளர். ஒரு வால் நட்சத்திரம் 1758இல் திரும்பி வரும் என்று சொன்னவர் 1742இல் இறந்துபோனார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் அது கண்ணில் பட்டது.

மற்றபடி வால் நட்சத்திரம் பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. வெயில் பட்டதும் ஆவியும் தூசியும் கிளம்பும், வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். நேற்று சூரியன் மேற்கே இறங்கிவிட்டதால்தான் உங்களுக்கு வால் மேல்நோக்கி நின்றது.

இனி அப்பாயி கணக்கு. அவர் பார்த்தது இகேயா செகி என்ற வால் நட்சத்திரமாக இருக்கும், அக்டோபர் கடைசி வாரம். தனுஷ்கோடி போனது 1964 டிசம்பரில். போர் நிறுத்தம் 1965 செப்டம்பர் 23. இரண்டும் முடிந்த பிறகு வந்த வால் ஐயா அது! சண்டை போடாமல், எது முதலில் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

குத்தாலம் தமிழம்மா:
"கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்" காவிரி பொய்க்காது என்கிறார் இளங்கோ. சனி புகைந்தாலும் வால் நட்சத்திரம் வந்தாலும் தண்ணீர் வருமாம். இப்போது புகைக்கொடி இல்லாத வருடத்திலும் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் :)

மேலையூர்க்காரன்:
வாத்தியார் சொன்னபடி கேட்டேன். அப்பாயிக்குத் தேதியெல்லாம் தெரியாது, பிள்ளைகள் பிறந்ததை வைத்துத்தான் எண்ணும். விரல் விட்டது. சித்தப்பா தனுஷ்கோடிப் புயல் கழித்துப் பிறந்தவர். "ஆமாண்டா, வாலைப் பார்த்துக்கிட்டு நிக்கையில அவன் தொட்டில்ல கத்தினான்" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமையே நிச்சயம். சமையல் பட்டியலில், கேதுவுக்குப் படைக்கிற கொள்ளுச் சுண்டல் ஒன்றை மட்டும் அப்பாயி சேர்க்கச் சொல்லியிருக்கிறது.