ஊர்வலத்துல நக்கல் போர்டு பிடிச்சா ஆட்சிக்கு உண்மையிலேயே வலிக்குமா?

நடுப்பக்கம்:
ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்க கேள்விங்க. ஜனநாயகம் வேணும்னு நடக்குற ஊர்வலம் எந்த நாட்டுலன்னாலும் போட்டோல முதல்ல கண்ணுல படுறது யாராவது அட்டைல எழுதி வெச்ச நக்கல்தான். மியான்மர்ல 2021ல ராணுவம் ஆட்சிய பிடிச்சப்ப, எங்க முன்னாள் காதலனே தேவலைங்கிற மாதிரி பொண்ணுங்க போர்டு பிடிச்சாங்க, நானும் சிரிச்சு ஷேர் பண்ணேன். ஆனா துப்பாக்கிக்கு முன்னாடி நிக்கிற எடத்துல இந்த காமெடி விஷயத்தோட வெயிட்ட கொறச்சுடாதா?

கருப்புமசி:
செர்பியால ஓட்போர்னு மாணவர் இயக்கம், அதிபர் மிலோசெவிச் ஆட்சில இருந்த காலம். பெல்கிரேடு கடைத்தெருவுல ஒரு பீப்பாய்ல அவர் மூஞ்சிய ஒட்டி, பக்கத்துல ஒரு கட்டைய வெச்சுட்டு பசங்க நைஸா ஒதுங்கிட்டாங்க. போற வர்றவங்க காசு போட்டு ஒரு சாத்து சாத்திட்டு போறாங்க, வரிசையே நிக்குது. போலீஸ் வந்து யாரை பிடிக்கும்? வெச்சவன் ஆளையே காணோம், அடிச்சவன்லாம் குடும்பத்தோட ஷாப்பிங் வந்தவன். கடைசில பீப்பாய தூக்கி வண்டில போட்டுட்டு போனாங்க. விட்டா மானம் போகும், பிடிச்சா அதவிட மானம் போகும், அதுதான் கணக்கு. 2000 அக்டோபர்ல அவர் எறங்குனதுக்கு பீப்பாய் மட்டும் காரணம் இல்லதான், தேர்தல், சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக்னு நெறைய இருக்கு.

சும்மாவந்தவன்:
ரொம்ப ரொமாண்டிக்கா பேசாதீங்க பாஸ். தாய்லாந்துல 2020 நவம்பர்ல பார்லிமென்ட் வாசல்ல காத்தடிச்ச மஞ்ச வாத்து பொம்மைய கொண்டுவந்தாங்க, போலீஸ் தண்ணி பீச்சினப்ப அதுவே கேடயம் ஆச்சு, உலகமே ரசிச்சுது. அதே வாத்து படம் போட்ட காலண்டர வித்தவருக்கு 2023ல மன்னரை அவமதிச்சார்னு ஜெயில் தண்டனை. நமக்கு மீம், அவருக்கு கேஸு.

யாழ்காற்று:
சும்மாவந்தவன் சொல்றது சரிதான், ஆனா வெயிட் குறையும் எண்டு நான் நினைக்கேல்ல. 2022ல இலங்கையில, கொழும்பு காலிமுகத்திடல்ல ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவப் பாத்து "கோட்டா கோ ஹோம்" எண்டு மூண்டு சொல்லுதான், சின்னப் பிள்ளையும் சொல்லும். அவற்ற தம்பி பசில் ராஜபக்சவ காகம் எண்டு நக்கலடிச்சு "கபுட்டு காக் காக் காக்" எண்டு சனம் கத்தினது இன்னும் விசேஷம், பதாகையே தேவையில்ல, வாய் இருந்தா போதும். சமையல் கேஸ் வரிசையில நிண்டு களைச்சுப்போன ஆக்கள் சிரிச்சது அதுக்குத்தான். ஜூலை 14 கோட்டாபய ராஜினாமா.

குட்டிச்சாத்தான்:
ரஷ்யா பர்னவுல் மேட்டர யாருமே சொல்லலயா?? 2012 ஜனவரி, ஊர்வலத்துக்கு பர்மிஷன் தரலன்னு பொம்மைங்கள பனில நிக்க வெச்சு ஒவ்வொன்னு கைலயும் குட்டி குட்டி போர்டு. அடுத்த தடவ அனுமதி கேட்டா, பொம்மைங்க ரஷ்யக் குடிமக்கள் இல்லன்னு அதிகாரிங்க சீரியஸா மறுத்தாங்க. இதுக்கு மேல நாம என்னத்த ஜோக் எழுதறது? ஹாங்காங்ல 2020 பாதுகாப்பு சட்டம் வந்ததும் வெறும் வெள்ளத்தாள தூக்குனாங்க, 2022 நவம்பர்ல சீனாவுலயும் அதான், எழுதாததுக்கும் போலீஸ் தொரத்துச்சு.

நடுப்பக்கம்:
பீப்பாயும் பொம்மையும் செம. ஆனா காலண்டர் கேஸ் ஒரு மாதிரி பண்ணிடுச்சு. அப்போ போர்டுல என்னதான் எழுதலாம்?

கருப்புமசி:
எங்க நிக்கிறீங்கங்கிறத பொறுத்தது, சட்டத்த பாத்துட்டு எழுதுங்க. மத்தபடி அஞ்சாறு வார்த்தைக்கு மேல போனா எவனும் படிக்க மாட்டான், தடி மார்க்கர், வெள்ளைல கருப்பு, கலர் கலரா எழுதுனா தூரத்துல ஒரு எழவும் தெரியாது. பின்பக்கமும் எழுதுங்க, பின்னாடி வர்றவன் வழி பூரா வெறும் அட்டையவா பாத்துட்டு நடப்பான்?