பழைய வீட்டுப் பிளானை ஆட்டோகேடில் ஏற்றினால் பின்கட்டு அளவு ஒத்துவரவில்லை

காரைக்குடி_டிராஃப்ட்ஸ்மேன்:

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குத் தரைப்படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பங்காளிகள் சேர்ந்து ஓடு மாற்றி, இரண்டாங்கட்டை (இரண்டாவது முற்றப் பகுதியை) சரிசெய்யப் போகிறார்கள். வீட்டு ஆச்சி இரும்புப் பெட்டியிலிருந்து பழைய பிளானை எடுத்துக் கொடுத்தார். மடித்த தாள், ஒரு மடிப்பில் கிழிசல், மூலையில் '1 அங்குலம் = 8 அடி' என்று எழுதியிருக்கிறது. தரையில் விரித்துச் செல்போனில் படம் எடுத்து, ஆட்டோகேடில் (கணினியில் பிளான் வரையும் மென்பொருள்) அட்டாச் செய்து மேலே கோடு இழுக்கிறேன்.

வளவில் (முதல் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) ஓர் அறைக்கதவு நேரில் 3 அடி. ஸ்கேல் கட்டளையில் அந்த அளவை ரெஃபரன்ஸாகக் கொடுத்து, படத்திலும் அந்தக் கதவை 3 அடியாக்கினேன். முகப்புப் பக்கம் ஒத்துப்போகிறது. அடுப்படிக்குப் போனால் டேப் அளவுக்கும் படத்துக்கும் ஒன்றரை அடிக்கு மேல் இடிக்கிறது. பின்பக்கம் அகலமும் சுருங்குகிறது. ஒவ்வோர் அறையும் ஒரு பங்காளிக்கு உரியது, அதனால் இதை அப்படியே விட முடியாது. என்ன செய்யலாம்?

வளவுமேஸ்திரி:

தம்பி, இதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது.

முதலாவது கதவு. ஓர் அங்குலத்துக்கு 8 அடி என்றால் 3 அடிக் கதவு தாளில் அரை அங்குலம்கூட வராது. பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், அந்தக் கோடே நிஜத்தில் ஏறத்தாழ 2 அங்குலம். கோட்டின் எந்த விளிம்பில் கிளிக் செய்தீர்கள் என்பதிலேயே அரை அங்குலம் போய்விடும். 3 அடிக்கு அரை அங்குலம் பிசகினால் 120 அடிக்கு 20 அங்குலம். உங்கள் ஒன்றரை அடி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

ரெஃபரன்ஸுக்கு எப்போதும் படத்திலேயே நீளமான அளவை எடுங்கள். நம்ம பக்கத்து வீடுகளில் அதற்கு ஒரு வசதி உண்டு. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோடாகத் தெரியும். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, தலைவாசல் நிலையின் உள்முகத்திலிருந்து பின்வாசல் நிலையின் உள்முகம் வரை லேசர் மீட்டரில் அளங்கள். வளவு முற்றத்தில் வெயில் விழும் நேரத்தில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. காலையிலேயே போய், பின்வாசலில் ஓர் ஆளை வெள்ளை அட்டையுடன் நிறுத்துங்கள். படத்திலும் அதே இரண்டு உள்முகங்களைத்தான் கிளிக் செய்ய வேண்டும். சுவரின் வெளிமுகத்தைத் தொட்டால் சுவர்க்கனம் முழுவதும் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது செல்போன். பின்பக்கம் சுருங்குகிறது என்றால் போன் சாய்ந்திருக்கிறது. அதை எந்த ஸ்கேலாலும் நிமிர்த்த முடியாது. மதுரை, திருச்சியில் பெரிய தாள் ஸ்கேன் செய்யும் கடையில் கொடுங்கள். தாள் கிழியும் என்று ஆச்சி யோசித்தால், கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நாலு மூலையையும் செவ்வகத்துக்கு இழுத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

தேவகோட்டை_3டி:

ஸ்கெட்ச்அப்பில் (3டி வரையும் மென்பொருள்) செய்பவர்களுக்கும் இதே வழிதான். டேப் மெஷரால் இரண்டு முனையைத் தொட்டு, உண்மை அளவைத் தட்டி என்டர் கொடுத்தால் அளவை மாற்றட்டுமா என்று கேட்கும். படத்தை முதலில் குரூப் ஆக்கி, உள்ளே போய்ச் செய்யுங்கள். வெளியே நின்று செய்தால் ஏற்கெனவே வரைந்ததெல்லாம் சேர்ந்து மாறிவிடும்.

பட்டாலைக் கூடத்தில் ஆத்தங்குடித் தரைக்கல் இருந்தால் அதை எண்ணியும் சரிபார்க்கலாமே?

வளவுமேஸ்திரி:

பார்க்கலாம். ஆனால் ஒரு கல்லை அளந்து பெருக்க வேண்டாம். கையால் வார்த்த கல், இடையில் சந்தும் உண்டு. பத்துக் கல்லைச் சேர்த்து அளந்து, பத்தால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி_டிராஃப்ட்ஸ்மேன்:

அண்ணே, கிம்ப்பில் நிமிர்த்தி, வாசலுக்கு வாசல் அளவைக் கொடுத்தேன். நீளம் இப்போது அடுப்படி வரை உட்காருகிறது. வளவின் அகலம் மட்டும் 4 அங்குலம் குறைகிறது.

வளவுமேஸ்திரி:

மூலைகளை இழுக்கும்போது செவ்வகத்தின் நீள அகல விகிதம் மாறியிருக்கும், அல்லது பழைய தாள் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கும். வளவுக்கு அப்பால் குறுக்கே இன்னோர் அளவை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே விகிதத்தில் குறைந்தால் படத்தை பிளாக் ஆக்கி (ஒரே பொருளாகத் தொகுத்து), பிராப்பர்ட்டீஸில் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் தனித்தனி ஸ்கேல் கொடுங்கள். வளவில் மட்டும் குறைந்தால் பிளான் ஒன்று, கொத்தனார் கட்டியது வேறு. அப்போது வளவை மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடித்து, அந்த அளவில் வரையுங்கள். அறைகளையும் அப்படித்தான், ஒவ்வொன்றையும் அந்தப் பங்காளியை நிற்கவைத்து அளந்து போடுங்கள். பிளானைப் பார்த்து அறையின் அளவை எழுத வேண்டாம்.

படத்தைத் தனி லேயரில் போட்டு, ஃபேட் கூட்டி மங்கலாக்கி, டிராஆர்டரில் பின்னால் தள்ளி, லேயரைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.